பதினேழாம் நம்பர் படகு

எங்கள் ஊரில் நாற்பத்திரண்டு படகுகள்தான் இருக்கலாம். நாற்பத்து மூன்றாவது வந்தால் அதற்குப் பெயர் படகு இல்லை, விறகு. ராணுவக்காரர்கள் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திவிட்டுப் போவார்கள். தேசியப் பூங்காவின் நடு வயிற்றில் ஊர் இருப்பதால் இந்தச் சட்டம். ஆடு வளர்க்கக் கூடாது. மரம் வெட்டக் கூடாது. மரவள்ளிக் குச்சி ஒன்றைக்கூட மண்ணில் ஊன்றக் கூடாது. ஏரியில் மீன் பிடித்துக்கொள்ளலாம், அதுவும் படகுக்கு நம்பர் இருந்தால்.

நீர்யானைகளுக்கு நம்பர் கிடையாது. எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், எந்த வீட்டு வாசலிலும் மேயலாம், எதன் மேலும் நடக்கலாம். அவை அரசாங்கத்துச் சொத்து. நாங்கள் யாருடைய சொத்து என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

நான் படகு தச்சன். பெயர் தெம்போ. இந்தத் துறையில் நிற்கிற படகுகளில் பாதிக்கு மேல் நான் ஆணி அடித்தவை. அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை விடியும்போது கபுகோ என் வீட்டுக் கதவை உடைக்கிற மாதிரி தட்டினாள்.

"தெம்போண்ணே, எந்திரி. பென்சன்காரன் என் படகை முடிச்சுட்டான்."

பென்சன்காரன் ஒரு கிழட்டு ஆண் நீர்யானை. ஏரியில் பெரிய கூட்டத்துக்கு ராஜாவாக இருந்தவன். இளசு ஒன்று வந்து முதுகைக் கிழித்து விரட்டிய பிறகு எங்கள் துறைச் சேற்றில் குடியேறிவிட்டான். இரவெல்லாம் ஊருக்குள் புல் மேய்வான், விடிவதற்குள் தண்ணீருக்குத் திரும்புவான். ஏறுகிற தடமும் இறங்குகிற தடமும் ஒன்றேதான். எத்தனை வருஷமானாலும் மாற்ற மாட்டான். அந்தத் தடத்தில் எங்கள் ஊரில் பால்குடி மறந்த குழந்தைகூட உட்காராது.

கபுகோவின் படகு அந்தத் தடத்தில்தான் குறுக்கே கிடந்தது. நீர்யானைக்குச் சுற்றிப் போகிற பழக்கம் இல்லை. அடிமரம் இரண்டாக முறிந்து, பக்கப் பலகைகள் ஐந்து பிளந்து, அதற்கு மேல் பென்சன்காரன் முன்னங்கால் இரண்டையும் போட்டுப் படுத்திருந்தான். போகிற வழியில் களைத்துவிட்டான் போலிருக்கிறது. மூக்கு மட்டும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஏரி அப்போது கழுவின தட்டு மாதிரி கிடந்தது. கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்தன. தூரத்தில் கால்வாய் வாயில் ஏழெட்டு யானைகள் குட்டிகளோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. வருஷத்தில் பத்து நாள் தெரிகிற பனிமலை அன்று முழுசாகத் தெரிந்தது. பார்க்க வந்தவர்களுக்கு இதெல்லாம் கொள்ளை அழகு. அந்த நேரத்துக்குச் சரியாக விடுதியின் சுற்றுலாப் படகும் வந்தது. வழிகாட்டி ஒலிபெருக்கியில் சொன்னான்: "இடது பக்கம் பாருங்கள், நீர்யானை படகோடு விளையாடுகிறது!" இருபது கேமராக்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. கபுகோ தலையில் கை வைத்து நின்றதையும் சேர்த்துப் பிடித்திருப்பார்கள். எங்கோ ஒரு வீட்டுச் சுவரில் இப்போது அவள் தொங்கிக்கொண்டிருப்பாள்.

"எத்தனை நாளாகும்ணே?" என்றாள்.

"பலகை இங்க வெட்ட முடியாது. டவுன்லேர்ந்து லாரியில வரணும். வந்தப்புறம் எனக்கு அஞ்சு நாள்."

"வியாழக்கிழமை எண்ணிக்கை."

"தெரியும்."



எண்ணிக்கை என்றால் இதுதான். வருஷத்துக்கு ஒரு நாள், எல்லாப் படகும் நம்பர் வரிசைப்படி மணலில் நிற்க வேண்டும். தலைநகரத்திலிருந்து ஆபீசர் வருவார். பதிவேட்டைப் பார்த்து நம்பரையும் சொந்தக்காரர் பெயரையும் கூப்பிடுவார். ஒரு காவலர் அந்த வருஷத்து முத்திரை இரும்பைப் பழுக்கக் காய்ச்சி படகின் மூக்கில் வைப்பார். முத்திரை விழுந்துவிட்டால் அந்தப் படகுதான் அந்த நம்பர், அந்த நம்பர்தான் அந்த ஆள். அன்றைக்கு நிற்காத படகின் நம்பர் ரத்தாகிவிடும். ஏன் நிற்கவில்லை, புயலா, தீயா, நீர்யானையா என்று கேட்க அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. இரவல் வாங்கி நிறுத்தவும் வழியில்லை. ஊரில் இருக்கிற ஒவ்வொரு படகும் அதனதன் நம்பருக்கு நின்றாக வேண்டும்.

பதினேழாம் நம்பர் கபுகோவுக்குப் புருஷன் வழியில் வந்தது. அவன் ஒரு காற்று நாளில் ஏரியோடு போய்விட்டான். பெண்பிள்ளை படகில் கால் வைத்தால் மீன் ஓடிவிடும் என்பது எங்கள் ஊர் ஆண்களின் பெரிய கண்டுபிடிப்பு. அதனால் அவள் இரண்டு ஆட்களை வைத்துப் படகை அனுப்புவாள். கரையில் நின்று மீனை வாங்குவாள், மூன்று பிள்ளைகளைப் படிக்க வைப்பாள். நம்பர் போனால் அவளுக்கு மிஞ்சுவது மற்றவர் மீனை அறுக்கிற கத்திதான். காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதினால் பேரன் காலத்தில் வரும்.

முதலில் பூங்காக் காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கே இருந்த காவலர் நல்ல பையன். நல்ல பையன் என்பதைத் தவிர அவனிடம் வேறு ஒன்றும் இல்லை.

"ஃபாரத்தை நிரப்புங்கக்கா. சேதமான பொருள்ங்கிற எடத்துல படகுன்னு எழுதுங்க."

"எழுதினா படகு வருமா?"

"ஃபாரம் தலைநகருக்குப் போகும்."

"அது போகும்யா. நான் கேட்டது, படகு வருமா?"

"எந்த விலங்கு செஞ்சதுன்னு அடையாளம் வேணுங்கக்கா. நீங்க பாத்தீங்களா?"

"இன்னும் மேலயே படுத்திருக்கான். வந்து அவன்கிட்டயே கையெழுத்து வாங்கிக்கோ."

"அப்ப விரட்டிட்டு..."

"விரட்டலாமா?"

"ஐயய்யோ, கூடாது. அது குத்தம்."

ஃபாரத்தை அங்கேயே விட்டுவிட்டுத் துறைக் கமிட்டித் தலைவர் மசெரேக்காவிடம் போனோம். ஊரில் அவரைச் சேர்மன் என்றுதான் கூப்பிட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது கேட்காது. வாசலில் உட்கார்ந்து பொரித்த ஜிலேபி மீனை மரவள்ளிக் களியில் புரட்டி மென்றுகொண்டிருந்தார். இரண்டு மொட்டைத்தலை நாரைகள் முள்ளுக்காக எதிரில் நின்றன. மூன்று பேருக்கும் ஒரே முகம்.

"சேர்மன், ஆபீசருக்குப் பந்தல் போடணும், எடத்தைக் காலி பண்ணுன்னு நேத்து சாயங்காலம் நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் கபுகோ.

"காலி பண்ணச் சொன்னேன். நீர்யானை வழியிலயா போடச் சொன்னேன்?"

"வேற எங்க எடம்? ஒரு பக்கம் உங்க பந்தல். மறுபக்கம் கோரை. ரெண்டுக்கும் நடுவுல அவன் தடம் மட்டுந்தான். காலையில மாத்திக்கலாம், ஒரு ராத்திரிதானேன்னு நீங்களே சொல்லலையா?"

"ராத்திரி நான் தூங்கிட்டேன்மா. நீ காவல் இருந்திருக்கணும்."

"பென்சன்காரனுக்கா?"

"இத பாரு கபுகோ. சட்டம் என் கையிலயா இருக்கு? நம்பர் சும்மா கெடக்கக் கூடாது. ஊருக்குத்தான் நஷ்டம்."

ஊர் என்று அவர் சொன்னது அவருடைய மச்சினன் முகிந்தோவை. இது எனக்குத் தெரியும். ஏனென்றால் முகிந்தோவின் படகைச் செய்ததே நான்தான். போன மழைக்காலத்தில் வந்து, "நம்பர் சீக்கிரம் வருதுண்ணே, நீ செஞ்சு வை" என்றான். யார் சாகப்போகிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வேலை வந்தது, செய்தேன். அந்தப் படகு சேர்மன் வீட்டுப் பின்னால் கோரைக்கட்டுகளுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. ஊருக்கே தெரியும். எல்லோரும் பார்க்காமல் நடந்து பழகிவிட்டார்கள்.

புதன்கிழமை மத்தியானம் அந்தப் படகு துறைக்கு வந்தது. நாலு பேர் தூக்கி வந்து, பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் வைத்தார்கள். முகிந்தோ வெள்ளைப் பெயிண்ட் டப்பாவோடு மண்டியிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு மூக்கில் 17 என்று எழுதினான். ஏழு கோணலாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதினான்.

"என்ன மாப்ளே, உசிர் இருக்கிறவ நம்பரை எழுதுறே?" என்றேன்.

"நாளைக்கு அது என்னுதுண்ணே."

"நாளைக்குத்தானே? இன்னிக்கு ஏன் எழுதுறே?"

பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற சேர்மன் பதில் சொன்னார். முட்டாளுக்குப் பாடம் நடத்துகிற குரல் அவருடையது.

"தெம்போ, உனக்கு மரம் தெரியும், ஆபீஸ் தெரியாது. எடம் காலியா இருந்தா ஆபீசர் காலின்னு எழுதிட்டுப் போயிடுவாரு. ஃபைல் தலைநகர் போயி, பட்டியல்ல முதல்ல நிக்கிறவனைத் தேடும். படகு நிக்குதுன்னா அங்கயே விஷயத்தைச் சொல்லி, பேரை மாத்தி, முத்திரை போட்டு முடிச்சுடலாம். சாப்பாட்டுக்கு முன்னாடி வேலை முடிஞ்சுடும்."

"பட்டியல்ல முகிந்தோ எத்தனாவது?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு?"

ஆறாவது. பட்டியலில் அவனுக்கு முன்னால் இருந்த ஐந்து பேரும் வலை பின்னிக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவரும் தலை தூக்கவில்லை. நானும் கேள்வியை அத்தோடு விட்டுவிட்டு உளியைத் தீட்டப் போய்விட்டேன். எங்கள் வீரம் அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலையிலிருந்து பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து பந்தல் தரையில் ஊற்றினார்கள். ஆபீசர் காலணியில் தூசி படக் கூடாது என்று சேர்மன் உத்தரவு. போன வருஷம் வந்தவர் காலணி முகம் பார்க்கிற மாதிரி பளபளத்ததாம். ஊற்றினார்கள், ஊற்றினார்கள், தரை களி மாதிரி ஆகிவிட்டது. நல்ல நிழல், நல்ல சேறு. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் பென்சன்காரன் தண்ணீரிலிருந்து எழுந்து, நாலு எட்டு நடந்து, பந்தலுக்குள் புகுந்து, ஆபீசரின் நாற்காலிக்குப் பக்கத்தில் படுத்துவிட்டான். படுக்கும்போது மீன் பொரியல் வைத்த மேஜை சரிந்தது. நீர்யானை மீன் தின்னாது. நாரைகள் தின்னும். பதினைந்து நாரைகள் சேர்ந்து தின்றன. ஊருக்குள் திரிகிற பல்நீட்டிக் காட்டுப்பன்றிகள் மிச்சமிருந்த களிக்கு முட்டி போட்டன.

"எந்திரிடா! போடா!" என்று சேர்மன் தூர நின்று தொப்பியை ஆட்டினார்.

"சேர்மனே, அது குத்தம்," என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். பிறகு எல்லாப் பெண்களும் சிரித்தார்கள்.

அந்த நேரத்தில் ஆபீசரின் ஜீப் வந்தது. பின்னால் இன்னொரு வண்டியில் நாலு ராணுவக்காரர்களும் இரண்டு பெட்ரோல் கேன்களும். ஆபீசர் பந்தலைப் பார்த்தார். கதவைத் திறந்தவர் மூடிக்கொண்டார். கண்ணாடியை மட்டும் பாதி இறக்கி, தொலைநோக்கியை எடுத்தார், ஒலிபெருக்கியை எடுத்தார். பூங்கா வேலைக்கு வந்தவர், விலங்கு இருக்கிற இடத்தில் கால் வைக்க மாட்டேன் என்கிறார். எங்கள் பிள்ளைகள் பென்சன்காரனைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

"ஆரம்பிங்க. ஒண்ணு!"

ஒன்றின் சொந்தக்காரர் இருக்கேன் சார் என்று கத்தினார். காவலர் அடுப்பிலிருந்து இரும்பை எடுத்து மூக்கில் அழுத்தினார். புகை எழுந்தது. இப்படியே இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டிருந்தது. நாற்றமும் வெயிலும் சேர்ந்து தலை சுற்றியது.

கபுகோவும் வந்து தன் இடத்தில் நின்றாள். அவள் ஏன் வந்தாள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. பெயரைக் கடைசியாக ஒரு தடவை கூப்பிடுவார்கள், அதைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்ததாகப் பிறகு சொன்னாள். முகிந்தோ புதுச் சட்டை போட்டுப் படகின் மறுபக்கம் நின்றான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

"பதினாறு!" முடிந்தது. "பதினேழு! கபுகோ!"

கபுகோ வாய் திறக்கவில்லை. ஆனால் ஆபீசருக்குத் தொலைநோக்கியில் என்ன தெரிந்திருக்கும்? 17 என்று பளிச்சென்று எழுதிய படகு, அதன் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை. பதிவேட்டில் ஒரு சரிக்குறி போட்டார். காவலர் இரும்பை எடுத்துக்கொண்டு நடந்தார்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க சார்!" என்று சேர்மன் ஜீப்பை நோக்கி ஓடினார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். "அது அவ படகு இல்ல சார்."

ஆபீசர் ஒலிபெருக்கியை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டார். அதனால் இந்தப் பேச்சு ஏரிக்கு அந்தப் பக்கம் காங்கோ வரைக்கும் கேட்டிருக்கும்.

"பின்ன யார் படகு?"

"என் மச்சினன் படகு சார்."

"அவருக்கு எந்த நம்பர்?"

"அவனுக்கு... இனிமேதான் சார். இதைத்தான் குடுக்கலாம்னு கமிட்டி..."

"நம்பர் இல்லாத படகா?"

சேர்மன் கையிலிருந்த தொப்பியைக் கசக்கினார்.

"நம்பர் இல்லாத படகுல நம்பர் எழுதினது யாரு?"

முகிந்தோ தன் கையைப் பார்த்தான். விரல் இடுக்கில் வெள்ளைப் பெயிண்ட் இன்னும் போகாமல் இருந்தது. கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். பின் வண்டியிலிருந்து ஒரு ராணுவக்காரர் இறங்கிச் சோம்பல் முறித்தார். நம்பரில்லாத படகுக்குத் தீ. பொய் நம்பர் எழுதினவனுக்கு ஜெயில். எழுத விட்ட கமிட்டித் தலைவருக்கு என்ன என்று பதிவேட்டில் எங்கேயாவது எழுதியிருக்கும். அதை ஆபீசர் பக்கம் புரட்டித் தேட ஆரம்பித்தார்.

"இன்னொரு தடவை கேக்குறேன். இது பதினேழா, இல்லையா?"

சேர்மன் மச்சினனைப் பார்த்தார், பெட்ரோல் கேனைப் பார்த்தார். மற்ற நாற்பத்தோரு படகுக்காரர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் நானும் அவரைப் பார்த்தோம். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வார்த்தை வருவதற்கு ஊர் இவ்வளவு ஆசையாகக் காத்திருந்ததில்லை.

"பதினேழுதான் சார்," என்றார். குரல் கொசு அளவுக்கு இருந்தது.

"சத்தமா!"

"பதினேழுதான் சார்!"

"அப்ப ஏன் இல்லேன்னீங்க? வெயிலா? இங்க படகு தச்சன் யாரு?"

நான் முன்னால் போனேன்.

"இது நீ செஞ்ச படகா?"

"நான் செஞ்சதுதான் சார். ஆணி ஒவ்வொண்ணும் என்னுது."

"நம்பர்?"

"நான் மரவேலை மட்டுந்தான் சார் பாக்குறேன். நம்பர் கமிட்டி வேலை. சேர்மன்தான் சொல்லிட்டாரே."

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. வேண்டுமானால் திரும்பப் படித்துப் பாருங்கள்.

ஆபீசர் தொலைநோக்கியைக் கபுகோ பக்கம் திருப்பினார். "ஏம்மா, பதினேழு உன்னுதா?"

கபுகோ ஒரு மூச்சு இழுத்தாள். "பதினேழு என்னுதுதான் சார்."

காவலர் இரும்பை வைத்தார். நான் பார்த்துப் பார்த்து இழைத்த மரம் சுர்ரென்று புகைந்தது. முகிந்தோ தன் தொடையில் சூடு வைத்த மாதிரி துள்ளினான்.

மிச்ச இருபத்தைந்தும் அரை மணியில் முடிந்தன. ஆபீசர் கடைசி வரைக்கும் இறங்கவில்லை. பந்தலுக்குள்ளிருந்து பென்சன்காரன் கொட்டாவி விட்டதும் கண்ணாடியை முழுசாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வண்டிப் புழுதி அடங்குவதற்குள் முகிந்தோ சேர்மன் சட்டையைப் பிடித்தான்.

"என் படகு, மச்சான்! என் படகைத் தூக்கி அவளுக்குக் குடுத்துட்டியே! எழுதுன்னு சொன்னது யாரு?"

"கையை எடு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்! பதினேழுதான் சார், பதினேழுதான் சார்னு கத்துனியே, அவ என்ன உன் கூடப்பொறந்தவளா?"

"வேற என்னடா சொல்லச் சொல்றே? ஜெயிலுக்குப் போறியா?"

முகிந்தோ சட்டையை விட்டுவிட்டுக் கபுகோ பக்கம் வந்தான். "அக்கா, இது அநியாயம். மரம் என்னுது."

"ஆமா, மரம் உன்னுது," என்றாள் கபுகோ. "எடுத்துட்டுப் போ."

"எங்க போறது? உங்க நம்பர் முத்திரையோட நான் எந்த ஏரியில எறக்குறது?"

"அது எனக்குத் தெரியல தம்பி. என் மரம் அங்க கெடக்கு, பென்சன்காரன் உடைச்சது. தெம்போண்ணன் சரி பண்ணிடுவாரு. முழுசா உனக்கே எடுத்துக்கோ. படகுக்குப் படகு சரியாப் போச்சு. பழைய முத்திரையையெல்லாம் இழைச்சுத் தரச் சொல்றேன். நம்பர் இருக்காது. உங்க மச்சான் வீட்டுப் பின்னால கோரைக்கு அடியில நல்ல எடம் இருக்கே, அங்க வச்சுக்கலாம்."

பட்டியலில் முதல் ஐந்து இடத்தில் இருந்தவர்கள்தான் முதலில் சிரித்தார்கள். புதன்கிழமை மத்தியானம் அவர்களுக்கு வாய் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். எனக்கும் அந்த யோக்கியதை கிடையாது.

சாயங்காலம் படகு இறக்குகிற நேரம். கபுகோவின் ஆட்களில் ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். அவள் முழங்கால் தண்ணீரில் நின்று வலையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கள்ளி மரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. மீன்கழுகு ஒன்று தலையைப் பின்னால் சாய்த்துக் கத்தியது. முகிந்தோ மணலில் கொஞ்ச தூரம் தள்ளிக் குந்தியிருந்தான். புதுச் சட்டையைக் கழற்றியிருந்தான். அவன் வீட்டிலும் நாலு வாய் இருக்கிறது.

"என்னடா பாக்குறே?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா."

"துடுப்பு போடத் தெரியுமா? இல்ல, பெயிண்ட் அடிக்க மட்டுந்தானா?"

அவன் கொஞ்ச நேரம் மணலைக் கிளறினான். அப்புறம் எழுந்து வந்து, தான் செய்யச் சொன்ன படகில், தானே தேர்ந்தெடுத்த முன்பலகையில் ஏறி உட்கார்ந்தான்.

"அங்க இல்ல," என்றாள் கபுகோ. "பின்னால போய் உக்காரு. நீ காலைத் தொங்கப்போட்டா நம்பர் மறையுது."

அவன் பின்னால் போனான்.